இருதய ஒபரேசன் செய்த மகனுக்கு எக்கோல ஈஎஃப் 62%. பிறகும் ஏன் எம்ஆர்ஐ கேக்கிறாங்க?

உப்புவெளி_அம்மா
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்க. மகனுக்கு இப்ப 13 வயசு நடக்குது. கைக்குழந்தையா இருக்கேக்க அழுதா உதடும் நகமும் நீலம் பாரிக்கும், பிறகு டெட்ராலஜி ஒஃப் ஃபலோ (டீஓஎஃப்) என்ட பிறவி இருதயக் குறை என்டு கண்டுபிடிச்சு ஒண்டரை வயசில கொழும்பு லேடி ரிஜ்வே பிள்ளைகள் ஆஸ்பத்திரியில ஒபரேசன் நடந்தது. ஓட்டையை அடைச்சு, நுரையீரலுக்கு ரத்தம் போற வழி ஒடுங்கிக் கிடந்ததை வெட்டி ஒட்டுப் போட்டு அகலமாக்கினவங்க. அதுக்குப் பிறகு கோணேசர் புண்ணியத்தில ஒரு குறையும் இல்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்தா கடற்கரையில பந்து, லீவு நாள்ல நாள் முழுக்கக் கடல், ஒரே முங்கில அங்கால போய் எழும்புவான்.

போன கிழமை கிளினிக்கில எக்கோ செய்தாங்க. ரிப்போட்டில இருக்கிறதை அப்படியே போடுறன்: எல்வி ஈஎஃப் 62%, ஓட்டை மிச்சம் இல்ல, ஆர்வி டைலேட்டட், சிவியர் பிஆர், டாப்சே 14 மில்லிமீட்டர். ஈஎஃப் என்டா ஒரு துடிப்பில இருதயம் எத்தின சதவீத ரத்தத்தைத் தள்ளுது என்ட கணக்கு, அது 55க்கு மேல இருந்தா நல்லம் என்டு முந்தி ஒரு டொக்டர் சொல்லித்தந்தவர், அதால நானும் சந்தோசப்பட்டன். ஆனா இந்த டொக்டர் ரிப்போட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு "ஒரு கார்டியாக் எம்ஆர்ஐ எடுப்பம் அம்மா, அதுக்குப் பிறகு கதைப்பம்" என்டு துண்டு எழுதித் தந்திட்டார். பின்னால லைன்ல அவ்வளவு சனம், எனக்கு வாய் வரல, கேக்காம வந்திட்டன்.

இப்ப நித்திரை இல்ல. இருதயம் நல்லா வேலை செய்யுது என்டா எதுக்கு எம்ஆர்ஐ? நெஞ்செலும்பைக் கட்டின கம்பி இன்னும் உள்ளுக்குத்தான் கிடக்கு, எக்ஸ்ரேல வடிவாத் தெரியும், அது காந்தத்துக்கு இழுபடாதா? கதிரை ஒண்டு அந்த மெசினுக்குள்ள பறந்துபோய் ஒட்டிக்கொண்ட வீடியோ ஒண்டைப் பாத்ததில இருந்து எனக்கு அதே கண்ணுக்குள்ள. வீட்டுக்காரர் கடல்தொழில், இவர் "ஓடி விளையாடுற பிள்ளையை ஏன் நோயாளி ஆக்குறாய்" என்டு கேக்கிறார். மாமியும் அதேதான். யாருக்காவது இந்த அனுபவம் இருந்தா சொல்லுங்களன்.

பாலையூற்றுக்காரன்
தங்கச்சி, பிள்ளை விளையாடுது, ஈஎஃப் 62, இதுக்குமேல என்ன வேணும்? எக்கோவே போதும். இப்ப எல்லாத்துக்கும் ஸ்கேன் ஸ்கேன் என்டு எழுதுறது ஒரு பழக்கமாப் போச்சு. கொழும்புக்குப் போக வரச் செலவு, தங்கிறது, எல்லாத்தையும் யோசிங்க.

காந்த_அறை
அக்கா, நான் அலஸ்தோட்டம், இப்ப கொழும்பில ரேடியோகிராஃபரா வேலை, எம்ஆர்ஐ பக்கம்தான் கனகாலமா. டொக்டர் இல்ல, அதால உங்கட மகனுக்கு என்ன செய்யோணும் என்டு சொல்லமாட்டன். ஆனா ஏன் கேட்டவர் என்டு சொல்லலாம். பாலையூற்று அண்ணன் கோவிக்கக்கூடாது, இந்த விசயத்தில "எக்கோவே போதும்" என்டது பிழை.

அந்த 62% இடது அறைக்குரியது. எல்வி என்டு போட்டிருக்குத்தானே. உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புற பக்கம் நல்லா வேலை செய்யுது, அது உண்மையிலயே நல்ல செய்தி. ஆனா டீஓஎஃப் ஒபரேசன் செய்த பிள்ளையில கவனம் வைக்கவேண்டியது வலது அறையில, ரிப்போட்டில ஆர்வி என்டு இருக்கிறது. ஒடுங்கின வழியை அகலமாக்கேக்க ஒட்டு அந்த வழியில இருக்கிற வால்வுக்குக் குறுக்கால போயிருந்தா, கனபேருக்கு அப்படித்தான், அந்த வால்வு பிறகு சரியா மூடாது. வலது அறை ரத்தத்தைத் தள்ளும், தள்ளினதில ஒரு பங்கு திரும்பி வந்து விழும். அதுதான் பிஆர். திரும்பி வாறதையும் சேத்துத் தாங்கத் தாங்க அறை விரியும், அதுதான் டைலேட்டட். இது வருசக்கணக்கா ஒரு சத்தமும் இல்லாம நடக்கும், பிள்ளை ஓடித்திரியும், நீந்தும், ஒண்டும் வெளியில தெரியாது. முந்தின காலத்தில வைத்தியர்மாரே இந்த ஒழுக்குப் பெரிய பிரச்சினை இல்ல என்டுதான் நினைச்சவங்க. அமெரிக்காவில 1954இல லில்லெஹை என்ட சேர்ஜன்தான் முதன்முதல் இதை முழுசாத் திருத்திச் செய்தவர், அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து பெரிய ஆக்களான பிறகுதான் வலது அறை களைச்சுப்போறது விளங்கினது.

சரி, வலது அறையை எக்கோல அளக்க ஏலாதா? ஓரளவுக்கு ஏலும். ஆனா இடது அறை முட்டை மாதிரி ஒரு ஒழுங்கான வடிவம், ரெண்டு கோணத்தில பாத்தா கொள்ளளவைக் கணக்குப் போடலாம். வலது அறை அப்படியில்ல, பிறை மாதிரி வளைஞ்சு இடது அறையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கும், அதுவும் சரியா நெஞ்செலும்புக்குப் பின்னால. எக்கோ சத்த அலை, அது எலும்புக்குள்ளாலயும் காத்துக்குள்ளாலயும் ஒழுங்காப் போகாது. பிள்ளை வளர வளர, நெஞ்சு அகல அகல, படம் மங்கிக்கொண்டுதான் போகும். டாப்சே 14ஐப் பாத்தும் பயப்பிடாதீங்க, அது வலது அறை நீளவாக்கில எவ்வளவு அசையுது என்ட அளவு. இருதயத்தைத் திறந்து ஒபரேசன் செய்த ஆக்களுக்கு வலது அறை நீளவாக்கில அசையிறது எப்படியும் குறையும், அதால அந்த ஒரு இலக்கத்தை வச்சு அறை பலவீனம் என்டு சொல்ல ஏலாது. உங்கட டொக்டர் ரிப்போட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தது இதுக்காகத்தான் இருக்கும் என்டு நினைக்கிறன்.

எம்ஆர்ஐல நாங்க செய்யிறது ஒரு இறாத்தல் பாணைத் துண்டு துண்டா வெட்டுற மாதிரி. இருதயத்தை அடியில இருந்து நுனி வரைக்கும் 8 மில்லிமீட்டர் கனமான துண்டுகளாப் படம் எடுப்பம், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு துடிப்புக்குள்ள 25, 30 படம். ஒவ்வொரு துண்டிலயும் வலது அறையின்ட ஓரத்தைக் கீறி எல்லாத்தையும் கூட்டினா நிரம்பேக்க எவ்வளவு ரத்தம், சுருங்கேக்க எவ்வளவு மிச்சம் என்டு மில்லிலீட்டர் கணக்கில வரும். வடிவத்தை ஊகிக்கத் தேவையில்ல, எந்தக் கோணல் அறையையும் அளக்கலாம். அதோட நுரையீரல் நாடியில முன்னுக்கு எவ்வளவு போகுது, பின்னுக்கு எவ்வளவு வருது என்டும் தனியா அளப்பம். 100 மில்லி போய் 40க்கு மேல திரும்பினா அது கடும் ஒழுக்கு. எக்கோல "சிவியர்" என்டு ஒரு சொல்தான் வரும், இங்க இலக்கமா வரும், அடுத்தமுறை எடுத்து ஒப்பிட்டுப் பாக்கலாம். உயரமும் நிறையும் அண்டைக்கே அளக்கச் சொல்லுங்க, கொள்ளளவை உடம்பின்ட பரப்பளவால பிரிச்சுத்தான் சொல்லுறது, வளருற பிள்ளைக்குப் பழைய நிறையைப் போட்டா கணக்கே பிழைச்சிடும்.

எக்கோவை நான் குறைச்சுச் சொல்லல. அறைக்குள்ள அழுத்தம் எவ்வளவு, வால்வுக்கிட்ட ஒடுக்கம் இருக்கா, சின்ன ஓட்டை மிச்சம் இருக்கா, இதெல்லாம் எக்கோ நல்லாச் சொல்லும், ஒவ்வொரு கிளினிக்கிலயும் செய்யலாம், செலவும் குறைவு. எம்ஆர்ஐ சில வருசத்துக்கு ஒருக்காத்தான்.

கம்பி விசயம். நெஞ்செலும்பைக் கட்டுறது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, எலும்போட இறுகிக் கிடக்கும், பறக்காது, இழுபடாது. இருதய ஒபரேசன் செய்து எங்களிட்ட வாற ஆக்களில அனேகமா எல்லார் நெஞ்சிலயும் அது இருக்கு. படத்தில அந்த இடம் மட்டும் கறுப்பா விழும், அவ்வளவுதான். உள்ள போட்ட ஒட்டும் உலோகம் இல்ல. ஆனா பேஸ்மேக்கர், ஸ்டென்ட், குழாய் வழியா வச்ச அடைப்பான், ஒபரேசன் நேரம் வச்சு வெட்டிவிட்ட பேசிங் வயர், இதில ஏதும் இருந்தா முதலே சொல்லிப்போடுங்க. நீங்க பாத்த கதிரை வீடியோ, அது உள்ள கொண்டுபோகக்கூடாத இரும்பைக் கொண்டுபோனதால வந்தது. அதுக்காகத்தான் நாங்க வாசல்ல நிண்டு ஒவ்வொருத்தரையும் விடாமக் கேக்கிறது. தாயத்து, அரைஞாண், கழுத்துச் சங்கிலி, சட்டையில குத்தின ஊசி எல்லாத்தையும் வீட்டிலயே கழட்டிப்போட்டு வாங்க.

கதிர்வீச்சு இல்ல. சத்தம் பெரிசு, காதை அடைக்கக் குடுப்பம். ஒரு மணித்தியாலம் கிட்ட எடுக்கும், 13 வயசுப் பிள்ளைக்கு மயக்கம் தேவைப்படாது. வேலை எல்லாம் மூச்சிலதான். "மூச்சை இழுங்க, வெளிய விடுங்க, இப்ப பிடிங்க" என்டு சொல்லுவம், 10, 15 செக்கன், அப்படிக் கனதரம். மகன் முங்கிற பிள்ளை என்டீங்க. முங்கிற ஆக்களோட எங்களுக்கு வாற கரைச்சல், பழக்கத்தில நெஞ்சு நிறைய இழுத்துப்போட்டுப் பிடிப்பாங்க. இங்க வெளிய விட்டுப்போட்டுப் பிடிக்கோணும், ஒவ்வொரு தரமும் ஒரே அளவுக்கு, அப்பதான் துண்டுகள் ஒண்டோடொண்டு பொருந்தும். வீட்டில பழக்கிக் கொண்டுவாங்க, எனக்கு அது பெரிய உதவி.

கிண்ணியா_உம்மா
அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரி, என்ட மகளுக்கு வேற குறை, பெரிய நாடி ரெண்டும் இடம் மாறிப் பிறந்த பிள்ளை, பிறந்து ரெண்டாம் கிழமையே மாத்திப் போட்டாங்க. இப்ப 6 வயசு, அல்ஹம்துலில்லாஹ். அவளுக்கும் எக்கோல இருதயம் நல்லாச் சுருங்குது என்டுதான் வந்தது, ஆனா நுரையீரலுக்குப் போற நாடியின்ட கிளை ரெண்டும் எக்கோல புடிபடல. அந்த ஒபரேசன்ல அந்த நாடியை முன்னுக்குக் கொண்டுவந்து உடம்புக்குப் போற பெரிய நாடிக்கு மேல ரெண்டு பக்கமும் விரிச்சுப் போடுவாங்களாம், அதால இழுபட்டு ஒடுங்க இடமிருக்காம். எம்ஆர்ஐல இடப்பக்கக் கிளை கொஞ்சம் ஒடுங்கினது தெரிஞ்சுது, ரெண்டு பக்கத்துக்கும் எவ்வளவு ரத்தம் போகுது என்டும் பிரிச்சுச் சொன்னாங்க. இப்ப ஒண்டும் செய்யத் தேவையில்ல, பாத்துக்கொண்டு இருப்பம் என்டாங்க.

அவ சின்னப்புள்ள, ஆடாமப் படுக்கமாட்டா, அதால மயக்கி எடுத்தது. எனக்குப் பயம் எம்ஆர்ஐல இல்ல, அந்த மயக்கத்திலதான். மயக்க மருந்து டொக்டரம்மா ராத்திரி எத்தின மணிக்குப் பிறகு ஒண்டும் குடுக்கக்கூடாது என்டு எழுதியே தந்தா. விடிய மூணு மணிக்கு புள்ள பால் கேட்டு அழுதா, வாப்பாவுக்கு மனம் பொறுக்கல, நான்தான் விடல. நீங்க அந்தக் கஷ்டத்துக்கு ஆளாகமாட்டீங்க, உங்கட மகன் பெரிய புள்ள. ராத்திரி ரயில்ல போனா விடியக் கோட்டையில இறங்கலாம், நாங்க ஒருநாள் முந்தியே போய்த் தங்கினம், களைச்ச புள்ளையோட அங்க நிக்க ஏலாது. படம் தெளிவாத் தெரிய ஏத்துற ஊசிக்கு முந்தி சிறுநீரகம் எப்படி என்டு ரத்தம் பாப்பாங்க, அந்த ரிப்போட்டை இங்கயே எடுத்துக்கொண்டு போனா ஒரு அலைச்சல் குறையும். துஆச் செய்யிறன்.

மூதூர்93
அக்கா, நான் உங்கட மகன்ட அதே நோயோட பிறந்தவன். இப்ப 30 தாண்டிட்டுது. 98ல அஞ்சு வயசில அப்பா என்னை இந்தியாவுக்குக் கொண்டுபோய் ஒபரேசன் செய்தவர், அதுக்காக வித்த வளவு பிறகு திரும்பி வரவே இல்ல. 2006 வரைக்கும் கிளினிக் போனனான். அந்த வருசம் மூதூரில இருந்து இடம்பெயர்ந்தம், ஃபைல், ஒபரேசன் கடிதம், எக்கோ எல்லாம் வீட்டோட போச்சு. பிறகு முகாம், படிப்பு, வேலை. ஒண்டும் நோகல, ஒருத்தரும் கேக்கல, நானும் போகல. 13 வருசம்.

நடுவில ஒருக்கா வேலைக்கு மெடிக்கல் கேட்டாங்க என்டு ஒரு இடத்தில எக்கோ எடுத்தன். "ஈஎஃப் 60, நோமல்" என்டு எழுதித் தந்தாங்க. அதை நம்பித்தான் இருந்தன் அக்கா. வலது பக்கத்தைப் பத்தி அந்தக் கடுதாசியில ஒரு வரி இல்ல. அந்த ஒரு சொல்லுக்காக எனக்கு இண்டைக்கும் மனம் ஆறல, அதாலதான் இவ்வளவு எழுதுறன்.

2019இல ஒருநாள் பைக் ஓடேக்க நெஞ்சு படபடத்துக் கண் இருட்டி, பாலத்துக்குக் கிட்ட நிப்பாட்டிப்போட்டு இருந்திட்டன். ஈசிஜி எடுத்தா கியூஆர்எஸ் அகலம், அதாவது கீழ் அறைகளுக்குள்ள மின்துடிப்புப் பரவ எடுக்கிற நேரம், 184 மில்லிசெக்கன். 180ஐத் தாண்டினா ஆபத்தான துடிப்புக் கோளாறு வர இடமிருக்கு என்டு டொக்டர் சொல்லேக்க அவரின்ட முகத்தைப் பாத்தே விளங்கிட்டுது. எம்ஆர்ஐல வலது அறை நிரம்பேக்க உடம்பின்ட சதுர மீட்டருக்கு 178 மில்லி, சுருங்கேக்க மிச்சம் 104, திரும்பி வாறது 46%. இந்த இலக்கங்கள் எனக்குப் பாடம். நெஞ்சைத் திரும்பத் திறந்து வால்வு போட்டாங்க. ஒரு வருசம் கழிச்சு எடுத்த எம்ஆர்ஐல 178 வந்து 131க்கு இறங்கியிருந்தது. இறங்கினது பெரிய விசயம், ஆனா முழுசா இறங்கல, துடிப்புக்குக் குளிசை இப்பவும் போடுறன். அஞ்சாறு வருசம் முந்தி யாராவது அளந்து பாத்திருந்தா இவ்வளவு வந்திருக்காது என்டு டொக்டரே சொன்னவர்.

உங்கட மகனுக்கு 13இலயே ஒருத்தர் இதைக் கேட்டிருக்கிறார். அந்த டொக்டரை விடாதீங்க. இன்னொண்டு, ஒபரேசன் கடிதத்தைப் போன்ல படம் எடுத்து மூணு நாலு இடத்தில போட்டு வைங்க. என்ட எம்ஆர்ஐ நேரம் என்ன ஒட்டு, எந்த நாடி எங்க போகுது, முழு ஒபரேசனுக்கு முந்தி நுரையீரலுக்கு ரத்தம் போகக் குழாய் இணைச்சதா என்டு அவங்க கேட்ட ஒரு கேள்விக்கும் என்னிட்ட பதில் இல்ல.

பாலையூற்றுக்காரன்
தம்பி மூதூர், வாசிச்சன். நான் எழுதினதைத் திருப்பி எடுக்கிறன். எனக்கு ஈஎஃப் என்டா முழு இருதயமும் என்டுதான் விளக்கம் இருந்தது. தங்கச்சி, போய் எடுங்க. கொழும்பில என்ட மச்சான் வீடு இருக்கு, தங்க இடம் வேணுமென்டா உள்பெட்டியில எழுதுங்க.

உப்புவெளி_அம்மா
எல்லாருக்கும் நன்றி, எப்படிச் சொல்லுறதென்டே தெரியல. மூதூர் தம்பி, உங்கட பதிலை இவருக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினன், ஒண்டும் பேசல, வலையை விட்டுப்போட்டு எழும்பி வந்து மகன்ட பக்கத்தில இருந்தார். காந்த அறை தம்பி, இன்னும் ஒரே ஒரு கேள்வி. எம்ஆர்ஐல இலக்கம் கூட வந்தா உடனே வால்வா? அப்படியென்டா ஒழுக்குத் தெரிஞ்சவுடனயே சின்னனில போட்டிருக்கலாமே, ஏன் இவ்வளவு காலம் பாத்துக்கொண்டு இருந்தவங்க?

காந்த_அறை
அக்கா, அந்தக் கேள்விக்குத்தான் முழு எம்ஆர்ஐயும். போடுற வால்வு உயிருள்ளதில்ல, பிள்ளையோட வளராது, 10, 15 வருசத்தில தேஞ்சுபோகும், சின்னப் பிள்ளைகளில இன்னும் கெதியா. 5 வயசில போட்டா 40 வயசுக்குள்ள எத்தினை தரம் நெஞ்சைத் திறக்கிறது? அதால ஏலுமான வரைக்கும் பிந்தப் பாப்பாங்க. ஆனா அளவுக்கு மேல பிந்தினா அறை ரப்பர் இழுபட்டுப் போன மாதிரி, வால்வைப் போட்டாலும் பழைய அளவுக்கு வராது, மூதூர் தம்பி தன்ட உடம்பில கண்டது அதுதான். இந்த ரெண்டுக்கும் நடுவில உள்ள நேரத்தைப் பிடிக்கத்தான் இலக்கம் வேணும். சுகமான ஆக்களுக்கு நிரம்பின அளவு சதுர மீட்டருக்கு 100க்குக் கிட்டத்தான் நிற்கும். 160ஐ எட்டினா, அல்லது சுருங்கின பிறகும் 80க்கு மேல மிச்சம் நிண்டா, வைத்தியர்மார் வால்வைப் பத்தி யோசிக்கத் தொடங்குவாங்க. தொடங்குவாங்க என்டுதான் சொல்லுறன், அந்த இலக்கத்தை மட்டும் பாத்துச் செய்யிறதில்ல. களைப்பு, ஓடவைச்சுப் பாக்கிற டெஸ்ட், ஈசிஜி, ரெண்டு எம்ஆர்ஐக்கு நடுவில எவ்வளவு கெதியா ஏறினது, எல்லாம் சேத்துத்தான். உங்கட மகனுக்கு இது முதல் எம்ஆர்ஐ, அதால இதுதான் பிறகு எடுக்கிறதை ஒப்பிட்டுப் பாக்கிற அடியளவு. அடுத்ததையும் ஏலுமென்டா அதே இடத்திலயே எடுங்க, ஓரம் கீறுற கையும் மெசினும் மாறினா சின்ன வித்தியாசம் வரும். சீடியைக் கட்டாயம் வாங்கி வைங்க, ரிப்போட்டு மட்டும் காணாது.

வால்வு என்டா எப்பவும் நெஞ்சைத் திறக்கிறது என்டும் இல்ல. 2000ஆம் ஆண்டு பாரிஸில போன்ஹோஃபர் என்ட டொக்டர் 12 வயசுப் பையன் ஒருத்தனுக்கு ரத்தக்குழாய் வழியாவே முதல்முதல் இந்த வால்வைக் கொண்டுபோய் வச்சார், உங்கட மகன்ட வயசுதான் கிட்டத்தட்ட. எல்லாருக்கும் பொருந்தாது, வழி எவ்வளவு அகலம், இருதயத்துக்கே ரத்தம் குடுக்கிற முடியுருநாடி பக்கத்தில நெருக்குதா என்டெல்லாம் பாக்கோணும். அதையும் எம்ஆர்ஐ, சிடி படத்தில அளந்துதான் முடிவெடுப்பாங்க.

உப்புவெளி_அம்மா
திகதி கிடைச்சிட்டுது, வாற மாசம். ஒபரேசன் கடிதம் பழைய சாறிக்குள்ள சுத்தி வச்சிருந்தன், படம் எடுத்திட்டன், தங்கச்சிக்கும் அனுப்பிட்டன். ஒட்டு வால்வுக்குக் குறுக்கால போனது என்டு அதிலயே எழுதியிருக்கு, 11 வருசமா என்ட கையில இருந்தும் எனக்குத் தெரியல.

மூச்சுப் பழக்கிறம். முதல்நாள் காந்த அறை தம்பி சொன்ன மாதிரியே நெஞ்சு நிறைய இழுத்துப்போட்டு நிண்டான். இப்ப இவர் பின்னேரத்தில அவனைப் பாயில படுக்கவச்சு வயித்தில கையை வச்சுக்கொண்டு "இழு, விடு, பிடி" என்டு சொல்லுறார், சின்னவள் பக்கத்தில இருந்து எண்ணுறாள். நேத்து 14 வரைக்கும் பிடிச்சிட்டான்.